பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கினால் மகள் விளையாடப் போவாளா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாவது வரை எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் கோ-கோ நன்றாக ஆடுவாள். குறுவட்டப் போட்டிக்கெல்லாம் போயிருக்கிறாள். இந்த ஆண்டு டவுனில் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். அதற்கப்புறம் கிரவுண்டு பக்கமே போவதில்லை. "டயர்டா இருக்கு, போர்" என்கிறாள். வீட்டில் போன், இல்லாவிட்டால் சித்தி மகளோடு ரீல்ஸ் பார்த்து டான்ஸ். என் கணவருக்குத் தெரிந்த அகாடமி மாஸ்டர் ஒருவர், வேறொரு விளையாட்டில் சேர்த்தால் ஒரே வருடத்தில் 'நேஷனல்' சர்டிபிகேட் கிடைக்கும், இன்ஜினீயரிங் சீட்டுக்கு உதவும் என்கிறார். 60,000 ரூபாய் கேட்கிறார். பிறகு நேபாளத்தில் போட்டியாம், அதற்குச் செலவு தனி. சர்டிபிகேட் கையில் வந்தால் அவளுக்கே ஆர்வம் வந்துவிடும் என்று கணவர் சொல்கிறார். கட்டலாமா? ஆர்வம் வரவைக்க என்ன செய்வது?
(வாசகி, கரூர் மாவட்டம்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் மாஸ்டர் அட்வான்ஸ் கேட்டிருப்பார்.

'இந்த ஆண்டு டவுனில் சேர்த்தோம்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி துரத்துவாள். குந்தியிருப்பவளுக்கு எந்த நொடியில் முதுகில் கை விழும், 'கோ' என்று காதில் கேட்கும் என்று தெரியாது. ஆனால் விழுந்த கை யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். வருடக்கணக்கில் ஒரே பெண்களோடு ஆடினால் அப்படித்தான். புதுப் பள்ளியில் அந்தக் கைகள் இல்லை. உங்கள் மகள் கிரவுண்டுக்குப் போனதில் பாதி கோ-கோவுக்காக, பாதி அந்தப் பெண்களுக்காக. இப்போது கிரவுண்டு இருக்கிறது, அவர்கள் இல்லை. அவளுக்கு இதை இப்படிச் சொல்லத் தெரியாது. 'போர்' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். மனிதர்கள் ஒரு காரியத்தைத் தானாக, தொடர்ந்து செய்ய மூன்று விஷயம் வேண்டும் என்பது அவர்களுடைய கோட்பாடு. நம் பேச்சில் சொன்னால்: இது என் முடிவு, இது எனக்கு வருகிறது, இங்கே எனக்கு ஆள் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இந்த மூன்றும் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வேறு அளவில் வேலை செய்யும். கபடி, கோ-கோ, வாலிபால் என்றால் ஆள்தான் இழுக்கிறது. பேட்மிண்டனில் நேற்று வராத ஷாட் இன்று வந்துவிட்டால் போதும், நாளைக்கும் போவார்கள். சைக்கிள் என்றால் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு தெரு தாண்டிப் போகிற சுகம். ஜிம்முக்குப் போகும் பையன்களை இழுப்பது கண்ணாடி. அங்கே டிரெய்னரே புரோட்டீன் பவுடர் வியாபாரியாகவும் இருப்பார். அது தனிக் கதை, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

டான்ஸைக் குறை சொல்வது போல எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றும் இருக்கிறதே! பாட்டை அவளே தேர்ந்தெடுக்கிறாள், ஸ்டெப் வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிகிறது, கூட சித்தி மகள் இருக்கிறாள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிரவுண்டில்தான் அசைக்க வேண்டும் என்று அதில் இல்லை. வியர்த்து ஆடினால் அதுவும் கணக்குதான். அதே நிறுவனம் 2016ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்ததில், உலகம் முழுவதும் 11 முதல் 17 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை. அதனால் உங்கள் வீட்டில் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

சரி, சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். பரிசு வந்தால் ஆர்வம் வரும் என்கிறார் உங்கள் கணவர். 1973இல் வெளியான ஒரு பழைய ஆய்வு உண்டு. படம் வரையப் பிடித்த நர்சரிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் பேனாக்களைப் போட்டு வைத்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. முன்கூட்டியே பேரம் பேசியதுதான் கெடுத்தது. உங்கள் மாஸ்டர் செய்வது அந்தப் பேரம், அதுவும் குழந்தையோடுகூட இல்லை, அப்பாவோடு.

அந்த சர்டிபிகேட்டாவது செல்லுமா? ஒரே விளையாட்டுக்கு நான்கு 'அகில இந்திய' சங்கங்கள் லெட்டர்பேடு வைத்திருக்கிற நாடு இது. இரண்டு நாள் கோவாவிலோ டெல்லி ஓரத்திலோ ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுப்பார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மெடல். அடுத்தது நேபாளம், அது 'இன்டர்நேஷனல்'. ஊர் திரும்பியதும் பேருந்து நிலையத்தில் மாலை, மேளம், உள்ளூர் செய்தியில் போட்டோ. கவுன்சலிங்கில் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்தால்தான் தெரியும், அந்தச் சங்கத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரமும் இல்லை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரமும் இல்லை என்று. அழுதுகொண்டே வெளியே வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாஸ்டருக்கு போன் போட்டால் 'ஸ்விட்ச்டு ஆஃப்'.

அசல் சர்டிபிகேட்டே இருந்தாலும் வரிசை நீளம். மாநிலம் முழுவதற்கும் இன்ஜினீயரிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம் என்றுதான் சில ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அதற்கான பாதைக்குக் காசும் வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் இருக்கின்றன: குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படி ஏற வேண்டும். முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. உங்கள் மகள் முதல் படியில் ஏற்கெனவே ஏறியவள். இறக்கிவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு வேறு ஏணி காட்டுகிறார்கள்.

இதில் பள்ளிகளின் பங்கையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து டீம் என்போம். மிச்சம் முந்நூறு பேர் கைதட்டலாம். பந்துகள் அறையில் பூட்டிக் கிடக்கும்; தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இடிக்கும், ஆடிட்டில் கேட்பார்கள். ஆகவே காற்று இறங்கினாலும் பரவாயில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பி.இ.டி. பீரியட் டைம் டேபிளில் மட்டும் இருக்கும், கணக்கு சார் வந்து நிற்பார். இத்தனையும் செய்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை என்று ஆண்டு விழாவில் பேசுவோம்.

பிள்ளையை விரட்டாதீர்கள், அவளே வருவாள் என்பது பொதுவாக நான் சொல்வது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவள் 'டயர்டா இருக்கு' என்று சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதின் வாசலில் நிற்கிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா? பச்சரிசி, ஐஸ்கட்டி, சிலேட்டுக் குச்சி மெல்லுகிறாளா? மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? இதில் ஏதாவது இருந்தால் ஆர்வம், உளவியல் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இலவசம்தான். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறைய பெண்கள் ஜன்னல் வழியாக வீசிவிடுவார்கள். வெறும் வயிற்றில் போடுவதால் வருகிற வேலை அது. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், கூட டீ வேண்டாம். குடற்புழு மாத்திரையையும் விடக்கூடாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் நல்லது, அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. 'ஏன் விளையாடப் போகலை?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குத் திட்டு வாடை உண்டு. டவுன் பள்ளியில் யாரோடு சாப்பிடுகிறாள், அந்தப் பெண்கள் சாயங்காலம் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிராக்டிஸுக்கு டிராக் பேண்ட் விடுகிறார்களா, உடை மாற்ற இடம் இருக்கிறதா, மைதானத்தைச் சுற்றிப் பையன்கள் நின்று பார்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பதினான்கு வயதில் பெண்கள் மைதானத்தை விட்டு விலக இந்த மூன்றில் ஒன்று போதும், அம்மாவிடம் சொல்லவும் மாட்டார்கள். பழைய கோ-கோ பெண்களில் யாராவது பக்கத்திலேயே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்ந்து ஆட விடுங்கள். யாரும் கோச் செய்ய வேண்டாம், நீங்கள் போட்டோ எடுக்கவும் வேண்டாம். கோ-கோவே வேண்டாம், டான்ஸ்தான் என்றால் டான்ஸ்தான்.

மாஸ்டர் மறுபடி பேசினால் சங்கத்தின் முழுப் பெயரையும் அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் காட்டிவிட்டு வருகிறோம் என்று கணவரையே சொல்லச் சொல்லுங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், இந்தப் பேச்சை எடுக்கும் முன் ரசீது வாங்கிவிடுங்கள்.