ஏட்டைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் அடிப்படை உரிமைகள் என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே? அரசாங்கம் நினைத்தால் எதுவும் செய்யலாமே!
– ஈசூன் வாசகர்

பதில்: ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா, இல்லை கோப்பிக்கடையில் காதில் விழுந்ததா? நம் அரசமைப்புச் சட்டத்தில் 9 முதல் 16 வரையுள்ள பிரிவுகளைப் படிக்க அரை மணி நேரம் போதும். 9ஆம் பிரிவைப் பாருங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். (உடனே அல்ல, ‘நியாயமான காலத்துக்குள்’ என்பதே நீதிமன்றங்கள் தந்த விளக்கம். சினிமா பார்த்துவிட்டு நிலையத்தில் குரல் உயர்த்த வேண்டாம்.) இந்தப் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, வேலை அனுமதிச் சீட்டில் வந்து கட்டுமானத் தளத்தில் நிற்கும் தம்பிக்கும் உண்டு.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேச்சுரிமை தரும் 14ஆம் பிரிவே, அதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் தருகிறது. 1988இல், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதான நால்வரின் வழக்கில், எந்த அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பால் விடுதலையானவர்கள் கையோடு மீண்டும் கைதானார்கள். அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்தி அத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்தின் கையைக் கட்டியது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் பூட்டையே மாற்றிவிடலாம்.

ஆனால் ‘எதுவும் செய்யலாம்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2012இல் ஹவ்காங் தொகுதி காலியானது. இடைத்தேர்தலை எப்போது நடத்துவது என்பது பிரதமரின் விருப்பம் என்றார்கள். அந்தத் தொகுதியில் குடியிருந்த துப்புரவுப் பணியாளர் வெள்ளம்மா மாரிமுத்து நீதிமன்றம் போனார். நம்மில் எத்தனை பட்டதாரிகளுக்கு அது தோன்றியது? உயர் நீதிமன்றம் பிரதமர் பக்கமே நின்றது. அம்மா விடவில்லை, மேல்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே இடைத்தேர்தல் நடந்து முடிந்திருந்ததால், வழக்கை நடத்த அவருக்கு இனித் தகுதியில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனாலும் அதே 2013 தீர்ப்பில், பிரதமருக்குக் கட்டற்ற விருப்புரிமை கிடையாது, நியாயமான காலத்துக்குள் தேர்தல் வைத்தே ஆக வேண்டும் என்றும் எழுதிவைத்தது.

அப்புறம் ஒன்று. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கப்படும் குழுத்தொகுதியில் ஓர் உறுப்பினர் மட்டும் விலகினால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை என்று 2019இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈசூனில் இருக்கும் நீங்கள் குழுத்தொகுதிக்காரர். வெள்ளம்மா வாங்கித் தந்தது உங்களுக்கு அவ்வளவாக உதவாது.