வாசகர் கேள்வி – பதில்: கூண்டு எண்ணும் கடல் உள்வாங்கலும்

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் என்று தீவிலிருந்து நாளிதழ்களில் வரும் சிறு செய்திகளை ஒட்டி இம்மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

“பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று படித்தேன். அதற்கு முன்பு 1-ம் எண் இருந்ததாம். புயல் வலுத்துவிட்டது என்று பொருளா? அந்த வாரம் கோயிலுக்குப் போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

எண் கூடக்கூடப் புயலும் பெரிதாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 1, 2 ஆகிய இரண்டும் தொலைவில் உள்ள வானிலையைச் சொல்பவை. கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு உருவாகிப் பலத்த காற்று வீசுகிறது, அது புயலாகலாம் என்றால் 1. தொலைவில் புயல் உருவாகிவிட்டது என்றால் 2. அடுத்த இரண்டும் இந்தத் துறைமுகத்தைப் பற்றியவை. இங்கேயே பலத்த காற்று வீசக்கூடும் என்றால் 3. புயலே இந்தப் பக்கம் திரும்பக்கூடும், ஆனால் இன்னும் ஆபத்து உறுதியாகவில்லை என்றால் 4. ஆகவே 2-ம் எண் நாளில் எங்கோ முழுப் புயல் சுழலும். 3-ம் எண் நாளில் புயலே இல்லாமலும் இருக்கலாம்.

5 முதல்தான் அபாயம். புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கரை கடக்கும் என்றால் 5, வலப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. இதே மூன்றும் கடும் புயலுக்கு 8, 9, 10 ஆகின்றன. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துபோனால் 11. இடமா வலமா என்பது வெறும் விவரமில்லை. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் இருக்கும் ஊரில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல் ஊருக்குள் ஏறுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்குவதே இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாக மாறும்.

1-ம் எண் கூண்டைப் பார்த்துப் பயணத்தை நிறுத்த வேண்டாம். 3 ஏறினால் கோயிலுக்குப் போகலாம், ஆனால் அக்னி தீர்த்தத்தில் கரையோரமாகவே நீராடுங்கள், தனுஷ்கோடியைத் தள்ளிவையுங்கள். அலை சாலையில் ஏறும் நாள்களில், தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். 5-க்கு மேல் என்றால் தீவுக்குள் வராமல் இருப்பதே நல்லது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது.

படகு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன்வளத் துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தியதும் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது போதாது. கரையோரம் நிற்கும் படகுகளை உடைப்பது பல சமயம் பக்கத்துப் படகுதான். முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரம் போடுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டாமல் நீர் ஏறி இறங்கத் தளர்வு விடுங்கள். இரு பக்கமும் பழைய டயர்களைத் தொங்கவிடுங்கள். பேட்டரி, ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் மூன்றையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மழைநீர் தேங்கினால் படகு தாழும், தாழ்ந்த படகில் அலை ஏறும். ஆகவே இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் நீரை இறைக்க வேண்டும்.

“ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்” என்று அடிக்கடி செய்தி வருகிறதே. சுனாமிக்கு அறிகுறியா?
– வாசகர், விருதுநகர்

கிட்டத்தட்ட எப்போதும் இல்லை. தீவின் வடக்கே உள்ள பாக் நீரிணை மிக ஆழம் குறைந்த கடல். கரையோரச் சரிவும் மிகக் குறைவு. அரை மீட்டர் நீர் இறங்கினாலே பத்து இருபது மீட்டருக்கு மேல் தரை தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்வற்று இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதோடு தெற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக வீசினால், வடகரை நீரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் நிலைமை தலைகீழ். பாம்பன் தெற்குப் பக்கம் நீர் இறங்கும். காற்று தணிந்தாலோ, ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வந்தாலோ நீர் திரும்பிவிடும்.

சுனாமிக்கு முன் நீர் மணிக்கணக்கில் மெல்ல இறங்காது, சில நிமிடங்களில் ஓடிவிடும். நில அதிர்வை உணர்ந்தாலும் உணராவிட்டாலும், அப்படி நடந்தால் வேடிக்கை பார்க்காமல் உடனே உள்பக்கம் மேட்டுக்குப் போக வேண்டும். மற்ற நாள்களில் அச்சம் வேண்டாம்.

தரை தட்டிய படகில் எஞ்சினை ஓட்டாதீர்கள். குளிர்விக்க நீர் இழுக்கும் குழாய் மணலையும் சேற்றையும் இழுத்து அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறி நின்றுவிடும், படகைத் தள்ளும் காற்றாடியும் சுக்கானும் வளையும். ஏற்றம் வரும்வரை காத்திருப்பதே வழி. இன்னொன்று: நீர் இறங்கிய தரையில் கிடக்கும் கடல் அட்டை, கடல் குதிரை, பவளத் துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்துவருகிறார்கள். அவை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, விளையாட்டாக எடுத்தாலும் குற்றம்தான். தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் வந்தால் நல்ல மீன் வாங்க எந்தக் கிழமை சரி?
– வாசகர், மதுரை

விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும் என்பதால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் இறால், நண்டு, கணவாய், காரல் மிகுதியாக இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் (2017-க்கு முன் 45 நாள்தான்). அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே கிடைக்கும். அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றாடம் போய் வரும் படகு என்பதால் மீன் புதிதாக இருக்கும். அந்த மாதங்களில் பெரிய இறால் மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குச் சரக்கு அல்லது பண்ணை இறால்.

எங்கள் மகளிர் குழு மிதவையில் கடல்பாசி வளர்க்க நினைக்கிறது. என்னென்ன வேண்டும்?
– மகளிர் குழு உறுப்பினர், தங்கச்சிமடம்

முதலில் இடம். இங்கே வளர்க்கப்படும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் அது படர்ந்ததால், தென்கடல் பக்கம் தேசியப் பூங்காவை ஒட்டி மிதவை போடக் கூடாது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம்தான் உங்களுக்கு இடம். அங்கும் மீன்வளத் துறையிடம் கேட்டு, படகு போகும் வழியை விட்டுத்தான் போட வேண்டும்.

மிதவை 12-க்கு 12 அடி. நல்ல முற்றிய மூங்கில், மூலைகளில் 4 அடிக் குறுக்குக் கட்டை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்டாமல் விடாதீர்கள். ஓரா மீன் கூட்டமாக வந்தால் இளந்தளிரை எல்லாம் மேய்ந்துவிட்டுத் தண்டை மட்டும் விடும். பத்து மிதவையை ஒன்றாகக் கோத்து நங்கூரம் போடலாம்.

அறுவடை 45 நாளில். நல்ல காலத்தில் ஒரு மிதவை 200 கிலோவுக்கு மேல் தரும். அதில் 60 கிலோவை அடுத்த விதைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், வருமானக் கணக்கைக் காய்ந்த எடையில் போடுங்கள். மணலில் நேராகக் காயப்போட்டால் மண் ஒட்டி விலை குறையும். வலை விரித்து அதன் மேல் பரப்புங்கள்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கோடையில் நீர் சூடாகித் தேங்கினால் தண்டு வெளுத்து, கை பட்டால் ஒடியும். அதைக் கண்டதும் நல்ல பாசியை உடனே அறுத்துவிட வேண்டும். வெளுத்ததை விதைக்கு எடுத்தால் அடுத்த சுற்றும் போகும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை வாடை. அந்த அலையில் மூங்கிலே பிரிந்துவிடும், அதற்கு முன் மிதவையைக் கரையேற்றி, விதையை மட்டும் ஒதுக்கமான இடத்தில் காப்பாற்றுங்கள். பத்து மிதவையோடு தொடங்கி ஒரு வருடக் காற்றைப் பார்த்த பிறகு பெருக்குவதே எங்கள் யோசனை. பயிற்சிக்கு மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

காற்று பலமாக வீசியதால் ரயில் மண்டபத்தில் நிறுத்தப்பட்டது என்கிறார்கள். புதுப் பாலத்திலுமா?
– வாசகர், சென்னை

ஆம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பாலம் 1914-ன் பாலத்தைவிட உறுதியானது. ஆனால் இரு பக்கமும் திறந்த கடல் மேல் காலி ரயில் பெட்டியைச் சாய்க்கும் காற்று அதே காற்றுதான். வரம்பு தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். அவசரமென்றால் 1988 முதல் உள்ள சாலைப் பாலம் வழியாகப் பேருந்தில் வந்துவிடலாம்.

எங்கள் கிணறு நன்றாக இருந்தது. ஆழ்துளை போட்ட பிறகு உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகப் போகலாமா?
– வாசகர், பாம்பன்

வேண்டவே வேண்டாம். தீவின் மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால்தான் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மோட்டார் இழுத்து மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறி வரும். ஆழம் கூடக்கூட உப்புக்குத்தான் கிட்டப் போகிறீர்கள். ஆழ்துளையை நிறுத்துங்கள். ஆழம் குறைந்த, அகலமான உறைக் கிணற்றில் குறைந்த திறன் மோட்டாரைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள். கூரை நீரை மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுப் பக்கம் இறக்குங்கள். கழிவுநீர்த் தொட்டி அருகில் இருக்கக் கூடாது. நீர் தேறுவதற்கு ஒரு வடகிழக்குப் பருவமழையாவது வேண்டும். அதுவரை குடிக்கக் காவிரிக் குழாய்த் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.