ஐடிஐ முடித்தவனுக்கு இன்னொரு வருஷம் அப்ரண்டிஸ் தேவையா?

கரூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் ஐடிஐயில் இரண்டு வருஷம் ஃபிட்டர் முடித்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியில் உதவித்தொகையோடு தொழில் பழகும் பயிற்சிக்குப் போகிறேன் என்று நிற்கிறான். கூடப் படித்தவன் ஏஜென்சி மூலம் கம்பெனியில் சேர்ந்து அந்த உதவித்தொகையைவிட அதிகமாக வாங்குகிறான். உங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பையன் என்ன வேலை செய்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை நாள் முழுக்க முறுக்கிக்கொண்டிருப்பான். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவன்தான். உங்கள் மகன் ஒழுங்கான ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் நின்றால் டிராயிங்கைப் பார்த்து பாகம் செய்யவும், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை பிசகாமல் அளக்கவும், கழற்றிய மெஷினைத் திரும்பப் பூட்டி ஓடவிடவும் கை பழகும். நல்ல கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போனால் சர்டிபிகேட்டைப் புரட்டுவதற்கு முன்பே மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே தெரிந்துவிடும்.

‘அப்ரண்டிஸ்’ என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். ‘டிரெய்னி’ என்று பெயர் வைத்து ஆள் எடுக்கும் இடங்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி என்றால், கம்பெனிக்கும் மகனுக்கும் ஒப்பந்தம் போட்டு அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருஷம் முடிந்ததும் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, ‘என்.ஏ.சி.’ என்கிற தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் வாங்குவான். பதிவு இல்லையென்றால் இது எதுவும் இல்லை. அந்த ஒரு வருஷம் வீண்தான். சேரும் முன் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். அப்புறம், எந்த செக்‌ஷனில் போடுவார்கள் என்றும் கேளுங்கள். டூல் ரூம் (கருவிகள், அச்சுகள் செய்யும் இடம்), மெயின்டனன்ஸ் என்றால் யோசிக்காமல் அனுப்பலாம். பேக்கிங், லோடிங் என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. திருச்சி பெல் (BHEL), பொன்மலை ரயில்வே பணிமனை, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை எல்லாமே அப்ரண்டிஸ் எடுக்கின்றன. அங்கே நுழைந்தாலே அரசு வேலை என்று ஊரில் பேசிக்கொள்வது தப்பு. ஆனால் ரயில்வே தன் பணிமனைகளில் பயிற்சி முடித்து என்.ஏ.சி. வாங்கியவர்களுக்கு லெவல் 1 என்கிற கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்குகிறது. அதற்கும் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும். இந்த மாதிரி இடங்களுக்கு விண்ணப்பிக்க ஏஜென்ட் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் மார்க்கை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

டிப்ளமோ ஆசையும் அவனுக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். பயிற்சி முடித்துவிட்டுப் போனாலும் அந்த வழி அடைபடாது. என்னைக் கேட்டால் அப்படிப் போவதே நல்லது. மெஷினைத் தொட்டவனுக்குப் பாடம் சுலபமாக ஏறும்.

சரி, பணம். 2019இல் விதியைத் திருத்தியபோது ஐடிஐ முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேல் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ரூம் எடுத்துத் தங்கி, சாப்பிட்டு, பஸ்ஸுக்கும் கொடுத்தால் 7,000 காணாது. மாதாமாதம் நீங்கள் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் முதலில் திருச்சிப் பக்கம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தூரத்தில்தான் கிடைக்கிறது என்றால், கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒப்புக்கொள்ளட்டும்.