டிரம்முக்குள் என்ன இருக்கிறது? – இறக்குமதி வரி கேள்வி பதில்

கேள்வி: சாயப்பட்டறைகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறேன். இதுவரை அசிட்டிக் ஆசிட்டை 2915 21 00 என்ற ஹெச்எஸ் கோடில் (சரக்கை அடையாளம் காட்டும் சுங்க எண்) இறக்குமதி செய்தேன். இப்போது சீன சப்ளையர் அதற்கு மாற்றாக 'கிரீன் ஆசிட்' அனுப்புகிறார், இன்வாய்ஸில் அதே கோட்தான் போட்டிருக்கிறார். என் சுங்க ஏஜென்டோ 3809 என்கிறார். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதானே சார்?
– வாசகர், ஈரோடு

பதில்: வேலை ஒன்றுதான், சரக்கு ஒன்றா? அதைத்தான் சுங்கத்துறை கேட்கும். சுங்கவரிப் பட்டியலில் 29ஆம் அத்தியாயம், அதாவது 29இல் தொடங்கும் கோடுகள், தனித்த, வேதியியல்படி வரையறுக்கப்பட்ட கரிமச் சேர்மங்களுக்கானது. அதில் கொஞ்சம் மாசு இருக்கலாம், தண்ணீரில் கரைத்திருக்கலாம், கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் சேர்த்திருக்கலாம், பாதுகாப்புக்காகவோ போக்குவரத்துக்காகவோ வேறு கரைப்பானில் கரைத்திருந்தாலும் பரவாயில்லை. எனவே உங்கள் அசிட்டிக் ஆசிட் தண்ணீர் கலந்து 80 சதவீதமாக வந்தாலும் 2915தான். (அதையே நீர்த்துச் சமையலுக்கான வினிகர் மாற்றாக விற்றால் 2209க்குப் போய்விடும், அது வேறு கதை.)

ஆனால் கிரீன் ஆசிட் என்ற பெயருக்கு ஒரே ஃபார்முலா கிடையாது, ஒவ்வொருவர் ஒவ்வொன்றைக் கலக்கிறார். இரண்டு மூன்று அமிலம், பஃபர் உப்பு (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்பு) என்று துணி பதனிடும் வேலைக்காகவே கலந்து தயாரித்திருந்தால் அது 3809. உங்கள் ஏஜென்ட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் சப்ளையரிடம் முழுக் கலவை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். "அது தொழில் ரகசியம்" என்று அவர் இழுத்தால் அந்தச் சரக்கையே யோசித்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவர் போட்டபடி 29ஆம் அத்தியாயம் என்று காட்டினால் அந்தச் சரக்குக்கு ஐயூபாக் பெயரும் (முறையான வேதியியல் பெயர்) சிஏஎஸ் எண்ணும் (ரசாயனத்தின் அடையாள எண்) பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்று 2023இல் கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்னொன்று, சப்ளையர் போட்ட கோட் உங்களைக் காப்பாற்றாது. 2011இலிருந்து சுயமதிப்பீடு, அதாவது கோடையும் வரியையும் நீங்களே கணக்கிட்டுச் சொல்வது, கையெழுத்து உங்களுடையது. வரி குறைந்திருந்தால் இரண்டு வருஷம் வரை நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று சொன்னால் ஐந்து வருஷம், மேலே வட்டியும் அபராதமும். தொடர்ந்து வாங்கப் போகிற சரக்கு என்றால் எந்தக் கோட் என்று முன்கூட்டியே தீர்த்துச் சொல்லும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்துக்கு விண்ணப்பியுங்கள், டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. சட்டமோ விவரமோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில வருஷங்களுக்குச் செல்லும்.

கேள்வி: வரி 7.5 சதவீதம் என்றார்கள். லட்ச ரூபாய் சரக்குக்கு இருபத்தேழாயிரம் எப்படி வந்தது?
– வாசகர், மதுரை

பதில்: 7.5 என்பது அடிப்படைச் சுங்கவரி மட்டும். லட்சத்துக்கு 7,500. அதன் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ் 750. இப்போது 1,08,250. அதற்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 19,485. மொத்தம் 27,735. ஜிஎஸ்டி பதிவு இருந்து, வரி கட்ட வேண்டிய சரக்கையே விற்கிறீர்கள் என்றால் 19,485 கிரெடிட்டாகத் திரும்பிவிடும், உண்மையான செலவு 8,250தான். அந்த லட்சமும் வெறும் சரக்கு விலை இல்லை, கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்தது. கப்பல் கட்டணத்துக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை) 20 சதவீதத்தைச் சேர்த்துவிடுவார்கள், அதனால் ரசீதை பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சோப்புத் தயாரிக்க கிளிசரின் வரவழைக்கிறேன். 1520ஆ, 2905ஆ?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சுத்தம்தான் கணக்கு. நீரைக் கழித்துப் பார்க்கும்போது 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 2905 45 00, அதற்குக் கீழே 1520. லேப் ரிப்போர்ட் ஒவ்வொரு லாட்டுக்கும் வேண்டும். 2023 பட்ஜெட்டில் கச்சா கிளிசரினுக்கு 2.5 சதவீதம் ஆக்கினார்களே என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், அது எபிகுளோரோஹைட்ரின் என்ற வேறொரு ரசாயனம் தயாரிப்பவர்களுக்கான சலுகை.

கேள்வி: சீனச் சரக்குக்கு ஆன்டி டம்பிங் வரி இருப்பதால் துபாய் வழியாக எடுக்கச் சொல்கிறார் ஒரு புரோக்கர். சரிதானா?
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் வெளிநாட்டுச் சரக்குக்குக் கூடுதலாகப் போடும் அந்த வரி பொதுவாகச் சரக்கு எங்கே தயாரானது என்று பார்த்துப் போடுவது, எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும் சீனச் சரக்கு சீனச் சரக்குதான். பெரும்பாலும் டன்னுக்கு இத்தனை டாலர் என்று இருக்கும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தொகையும் மாறும். ஆகவே ஆர்டர் போடும் முன்பே அந்த வரிக்கான அரசு அறிவிக்கையில் உங்கள் தயாரிப்பாளர் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள், அதே சீனாவில் இன்னொருவரிடம் குறைவாக இருக்கக்கூடும். தாய்லாந்து மாதிரி ஆசியான் நாட்டுச் சரக்கு கிடைத்தால் சலுகை வரியும் உண்டு. ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து ஆரிஜின் சர்டிஃபிகேட் (எந்த நாட்டில் தயாரானது என்ற சான்று) மட்டும் போதாது, அங்கே நிஜமாகவே தயாரானது என்பதற்கான விவரங்களை நீங்களே கையில் வைத்திருக்க வேண்டும். துபாய் புரோக்கரிடம் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள், அடுத்த போன் வராது.