பேக்கப்பை நான்கு ஃபைலாகப் பிரித்தால் நேரம் குறையுமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலை. எஸ்க்யூஎல் சர்வரில் 240 ஜிபி டேட்டாபேஸ். கம்ப்ரெஷன் (சுருக்கம்) இல்லாமல் ஒரே ஃபைலாக, நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸுக்கு முழு பேக்கப் எடுக்க 1 மணி 50 நிமிடம் ஆகிறது. நெட்வொர்க் 1 ஜிகாபிட். பல ஸ்ட்ரீமாக, அதாவது ஒரே நேரத்தில் பல ஃபைலில், எழுதினால் வேகம் கூடுமா?

பதில்: கூட வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். 240 ஜிபி 110 நிமிடத்தில் என்றால் நொடிக்குச் சுமார் 37 எம்பி. 1 ஜிகாபிட் லைனில் நடைமுறையில் 110 எம்பி வரை போகும். ஆகவே லைன் நிரம்பவில்லை. படிக்கும் பக்கமோ எழுதும் பக்கமோதான் இழுக்கிறது.

இதைப் பிரித்தறிய, எதையும் சேமிக்காத 'நல்' சாதனத்துக்கு ஒரு முழு பேக்கப் ஓட்டுங்கள். வழக்கமான பேக்கப் வரிசையைத் தொடாத 'காப்பி ஒன்லி' ஆப்ஷன் கட்டாயம். அதை விட்டுவிட்டால் இந்த வெற்று பேக்கப்பே அடுத்த டிஃபரென்ஷியலுக்கு (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) அடிப்படையாகிவிடும். பிறகு அந்த டிஃபரென்ஷியலை வைத்து ரெஸ்டோர் செய்யவே முடியாது. மாற்றங்களின் பதிவை எடுக்கும் லாக் பேக்கப்பை 'நல்'லுக்கு அனுப்பவே கூடாது, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் லாக் சங்கிலி அறுந்துபோகும். சோதனை 20 நிமிடத்தில் முடிந்தால் படிப்பதில் குறையில்லை. அதுவே ஒன்றரை மணி நேரம் எடுத்தால் மூல டிஸ்க்தான் காரணம். எத்தனை ஸ்ட்ரீம் போட்டாலும் பெரிதாக மாறாது.

உள்ளே நடப்பது இதுதான். டேட்டா ஃபைல்கள் இருக்கும் டிரைவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கும் த்ரெட் (சர்வருக்குள் தனியாக ஓடும் வேலை). பேக்கப் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுதும் த்ரெட். நான்கு ஃபைல் கொடுத்தால் எழுதுவோர் நால்வராவார்கள். ஆனால் டேட்டா முழுக்க ஒரே டி டிரைவில் இருந்தால் படிப்பவர் அப்போதும் ஒருவர்தான்.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷனைப் போட்டுப் பாருங்கள். அனுப்பி எழுத வேண்டிய அளவே குறைவதால் பல இடங்களில் இது ஒன்றே போதும். ஸ்கேன் செய்த பில், ஜேபெக் படங்களை டேபிளுக்குள்ளேயே வைத்திருந்தால் பலன் குறைவு. எக்ஸ்பிரஸ் பதிப்பில் இந்த வசதியே கிடையாது.

அடுத்து பேக்கப் கட்டளையின் 'டூ டிஸ்க்' வரியில் கமா போட்டு இரண்டு ஃபைல், பிறகு நான்கு. 64 வரை அனுமதி உண்டு. உங்கள் அளவுக்கு நான்கைத் தாண்டுவது வீண் என்பேன். நாஸில் ஒரே ஒரு சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் நான்கும் கெடுதல்: ஹெட் நாலு இடத்துக்கும் மாறி மாறி ஓடி, ஒரே ஃபைலை விட மெதுவாகலாம். ஒரு தடவையில் நகர்த்தும் அளவான 'மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் சைஸ்' 4 எம்பி வரை, இடைத்தாங்கி மெமரித் துண்டுகளின் எண்ணிக்கையான 'பஃபர் கவுன்ட்' 50 என்று தொடங்கலாம். இரண்டையும் பெருக்கினால் வருவது, 200 எம்பி, பேக்கப் பிடிக்கும் மெமரி. 8 ஜிபி ராம் உள்ள சர்வரில் பஃபரை ஆயிரமாக்கினால் மெமரி போதாமல் பேக்கப் தோல்வியடையலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த டேட்டாபேஸான எம்எஸ்டிபியில் உள்ள 'பேக்கப்செட்' டேபிளில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சுருங்கிய அளவு மூன்றும் பதிவாகியிருக்கும். தனியாக நோட்டுப் போட வேண்டியதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதன் பேக்கப் கருவியான 'பிஜி டம்ப்'பில், பல வேலையாட்களை ஓட்டும் ஜே ஆப்ஷன் டைரக்டரி வடிவத்தில் மட்டுமே ஓடும். ஒரு டேபிளை ஒரு வேலையாள்தான் எடுப்பார் என்பதால், ஒரே டேபிள் 200 ஜிபி என்றால் ஜே 8 கொடுத்தும் பயனில்லை.

இனி ஆபத்தான பக்கம். நான்கு ஃபைலில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் குப்பை. ரெஸ்டோரில் 3132 பிழை வந்து நிற்கும். 2011இல் 'தானே' புயலையும் 2024இல் 'ஃபெஞ்சல்' புயலையும் பார்த்தவர்கள் இங்கே ஒரு நகலை வெளியூரில் வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இரண்டு ஃபைல் கடலூரில், இரண்டு புதுச்சேரி கிளையில் என்று பங்கு போடாதீர்கள். நான்கும் சேர்ந்து ஒரு நகல். வெளியூருக்கு நான்கும் போக வேண்டும். பெயரில் தேதியும் 1/4, 2/4 என்ற வரிசையும் தெரியட்டும், சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு. தேதி இல்லாத பழைய பெயரிலேயே, முன்பிருந்ததை அழித்து எழுதும் 'ஃபார்மட்' ஆப்ஷன் கொடுத்து எழுதினால், கரன்ட் போய்ப் பாதியில் நின்ற இரவில் நேற்றையதும் இருக்காது, இன்றையதும் இருக்காது. எடுக்கும்போது, டேட்டா கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் 'செக்சம்' ஆப்ஷன், முடிந்ததும் நான்கு ஃபைலையும் கொடுத்து, ரெஸ்டோர் செய்யாமலே சரிபார்க்கும் 'வெரிஃபை ஒன்லி'. மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில், வெளியூர் நகலிலிருந்தே, முழு ரெஸ்டோர் செய்து பாருங்கள்.