ஏலியன் கதைகளில் மூழ்கிய மகளை என்ன படிக்க வைக்கலாம்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. வேற்றுக்கிரகவாசிகளை மனிதர்கள் முதன்முதலில் சந்திக்கும் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறாள். ரஷ்யக் கதை, சீனக் கதை, போலந்துக் கதை எதையும் விடுவதில்லை. "இன்ஜினீயரிங் வேண்டாம், இதையே மேலே படிக்கிறேன்" என்கிறாள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: கதை வாசிப்பை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாதம்மா. அந்தக் கதைகள் எழுதப்பட்ட மொழிகளில் ஒன்றை முறையாகக் கற்றால் தாராளமாக முடியும். அவள் இவற்றை எந்த மொழியில் படிக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். அநேகமாக ஆங்கிலம் என்பாள். கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' 1961-இல் வந்தது. ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர். விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாக முயன்றும் அதோடு பேச முடியவில்லை. 1970-இல் வெளியான ஆங்கில நூல் போலிஷிலிருந்து நேராக வந்ததல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது. மூலத்தில் ஹரே என்றிருந்தவள் ரேயா ஆனாள், ஸ்னாவுத் ஸ்னோ ஆனார். நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011 வரை வரவில்லை. சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'மூன்று உடல் சிக்கல்' 2006-இல் சீன இதழில் தொடராக வந்தபோது மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சிக் காட்சிகளோடு தொடங்கியது. 2008-இல் நூலானபோது அந்த அத்தியாயங்கள் நடுப்பகுதிக்குப் போய்விட்டன. 2014 ஆங்கில மொழிபெயர்ப்பில் கென் லியூ அவற்றை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார். சீன நூலைப் படித்தவரும் ஆங்கில நூலைப் படித்தவரும் ஒரே கதைக்குள் வேறு வேறு வாசல் வழியாக நுழைகிறார்கள். இதையெல்லாம் மூலத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் ஒப்பிலக்கியத்திலும் மொழிபெயர்ப்பியலிலும் நடக்கும் வேலை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அங்கே சீக்கிரமே முட்டி நின்றுவிடுவார்.

எந்த மொழி என்பதை அவள் ரசனையே காட்டிக் கொடுக்கும். 1945-இல் அமெரிக்கரான மரே லெய்ன்ஸ்டர், விண்வெளியில் எதிர்ப்படும் இரு கப்பல்கள் ஒன்றையொன்று அஞ்சுவதாக எழுதினார். விண்மீன்களுக்கிடையே பயணம் செய்யும் அளவுக்கு வளர்ந்த சமூகம் போரைக் கடந்திருக்கும் என்று சோவியத் எழுத்தாளர் இவான் யெஃப்ரெமோவ் 1950-களின் இறுதியில் கதையாலேயே பதில் சொன்னார். இந்த வாக்குவாதம் அவளை இழுத்தால் ரஷ்யன் எடுக்கலாம். மூங்கில் தோப்பில் வந்திறங்கிய வேற்றுக்கிரகவாசியைப் பயந்த சுபாவமுள்ள கிராமத்து வாத்தியார் சந்திப்பதாக சத்யஜித் ராய் 1962-இல் எழுதிய கதை பிடித்திருந்தால் வங்காளத்தையும் யோசிக்கலாம். ஆனால் வருமானம் என்று பார்த்தால் ஜப்பானியம், ஜெர்மன், சீனம், பிரெஞ்சு ஆகியவற்றுக்குத்தான் நம் நாட்டில் நிறுவன வேலை அதிகம்.

படிப்பு விஷயத்தில், கணிதம் படித்த பெண் என்பதால் நான் முதலில் சொல்வது ஹைதராபாத் ஐஐஐடியின் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம்: கணினி அறிவியலில் பி.டெக்., கணினி மொழியியலில், அதாவது மனித மொழியைக் கணினி கையாளச் செய்யும் துறையில், ஆராய்ச்சி எம்.எஸ். இதற்கு யுஜிஇஇ என்ற தனி நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. இன்ஜினீயரிங் வேண்டும் என்ற உங்கள் ஆசையும் மொழி வேண்டும் என்ற அவள் ஆசையும் ஒன்றாகச் சேரும் இடம் இது. மொழியே முழுப் படிப்பாக வேண்டுமென்றால் டெல்லி ஜேஎன்யுவில் ரஷ்யன், சீனம், ஜப்பானியம் போன்றவற்றில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. சேர்க்கை க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. அந்த மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான இஃப்ளு பல்கலைக்கழகத்தையும் பார்த்து வையுங்கள்.

இந்தப் பாதையில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். அதில் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 முடித்ததும் "ஜெர்மன் தெரியும்" என்று பயோடேட்டாவில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த நிலையில் கடையில் பொருள் வாங்கலாம், நாவல் படிக்க முடியாது. குறைந்தது பி2 வேண்டும். ஜெர்மன் மொழியில் அதற்கு, 45 நிமிடப் பாடவேளைகளாகக் கணக்கிட்டால், 600 முதல் 800 வரை ஆகும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் பேச்சுப் பகுதியே கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சான்றிதழை மட்டும் நம்பி, பேசிப் பழகாமல் போகிறவர்கள் நேர்காணலில் வாய் திறக்கத் திணறுகிறார்கள். வாரம் இரண்டு மணி நேரமாவது பேச்சுப் பயிற்சி கட்டாயம்.

இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது சிரமம். தொழில்நுட்ப ஆவணங்கள், மென்பொருளை உள்ளூர் மொழிக்கு மாற்றுவது, அலுவலகக் கூட்டங்களில் உரைபெயர்ப்பு இவைதான் சம்பளம் தரும். நாவல் அதன் கூடவே நடக்கட்டும். வெளியிடும் எண்ணம் இருந்தால் உரிமை முக்கியம்: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ராய் மறைந்தது 1992-இல். அனுமதி வாங்காமல் அவர் கதையை மொழிபெயர்த்து வெளியிட்டால் வழக்கு வரலாம். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1946-இல் மறைந்தவர், அவர் ஆங்கில மூலத்தைத் தாராளமாகத் தொடலாம்.

எந்தப் பக்கம் அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் இந்த விடுமுறையில் இரண்டு வேலை கொடுத்துப் பாருங்கள். முதலாவது, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமிமீது படையெடுக்கும் வெல்ஸின் 1898 நாவலான 'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்'-இன் முதல் பக்கத்தைத் தமிழாக்கி, மூன்று முறை திருத்தி எழுதட்டும். ஆங்கில வாக்கியத்தின் முடிச்சு தமிழில் தெரியாமல் போகும்வரை அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, 1974-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து விண்ணுக்கு அனுப்பிய செய்தி. மொத்தம் 1,679 துணுக்குகள் (பிட், ஒவ்வொன்றும் 0 அல்லது 1), அதாவது 23 பெருக்கல் 73. கட்டம் போட்ட தாளில் 23 நிரல், 73 வரிசையாக அடுக்கினால் மனித உருவமும் சூரியக் குடும்பமும் படமாகத் தெரியும். 73 நிரல், 23 வரிசையாக மாற்றி அடுக்கினால் வெறும் குப்பை. இதில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தால் கணினி மொழியியல். முதல் வேலையில் உட்கார்ந்தால் மொழிப் பட்டம்.

எதுவானாலும் இரு தேர்வுகளின் அறிவிப்பையும் ஜனவரியிலிருந்தே கவனித்து வாருங்கள். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும்.