கொழுந்து கூடினால் பயிற்சி பலித்ததா?

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் பெண் கங்காணிகள் 24 பேருக்கு மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தோம். பெப்ரவரி கடைசியில் முடிந்தது. பயிற்சி பற்றிய கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் கொழுந்தும் கூடியிருக்கிறது. பயிற்சி வெற்றி என்று அறிக்கை எழுதலாமா?

பயிற்சி உத்தியோகத்தர் ஒருவர்

அன்புள்ள சகோதரி,

இப்போதைக்கு எழுத வேண்டாம். மலை ஏறாமல் மூன்று நாள் நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பாடும் கொடுத்தால் யார் குறை எழுதுவார்கள்? டொனால்ட் கேர்க்பட்ரிக் 1959இல் நான்கு படி வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. நீங்கள் முதற்படியிலிருந்து நான்காவதுக்குத் தாவிவிட்டீர்கள்.

வறட்சி முடிந்து மழை விழுந்தால் ஏப்ரல், மேயில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொழுந்து எப்படியும் கூடும். போன வருஷ ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். அதோடு, அதே உயரத்தில், கவ்வாத்து வெட்டி (செடியைக் கத்தரித்து) அதே காலமான, கங்காணிகள் பயிற்சி பெறாத டிவிசன் (தோட்டப் பிரிவு) ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது மூன்றாம் படி. அதற்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போக வேண்டும். தராசு முள் நிற்கும்வரை கங்காணி காத்திருக்கிறாரா? பைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்கிறாரா? ஒருத்தி "குறையுதே அக்கா" என்றால் மறுபடி நிறுக்கிறாரா, அதட்டுகிறாரா? இப்படி ஐந்து கேள்வி போதும். இரண்டு பேர் ஒரே நாளில், சொல்லாமல் போய், தனித்தனியே குறியுங்கள். இரண்டு கேள்விக்கு மேல் முரண்பட்டால் கேள்வியைத் திருத்த வேண்டும். பயிற்சிக்கு முன், ஆறு வாரத்தில், ஆறு மாதத்தில் என மூன்று தடவை செய்யுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களையும் கேளுங்கள், ஆனால் கங்காணி நிற்கும் இடத்தில் கேட்காதீர்கள். பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) பால் கொடுக்க வரும் தாய்மார் மனம்விட்டுப் பேசுவார்கள். பெயர் எழுதாதீர்கள்.

கங்காணிகள் தங்களுக்கே போடும் புள்ளி, பயிற்சிக்குப் பிறகு குறையவும் கூடும். முன்பு "நான் பொறுமையாகக் கேட்பேன்" என்று 4 போட்டவருக்கு, கேட்பது என்றால் என்னவென்று இப்போதுதான் விளங்கி 3 போடுவார். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். பயிற்சி முடிவில் 'அப்போது எப்படி, இப்போது எப்படி' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது மேல்.

ஆறு மாதத்தில் நன்றாக மாறிய மூன்று பேரையும் மாறாத மூன்று பேரையும் அழைத்து ஆற அமரப் பேசுங்கள். மறுபடி எடை போட்டதற்காக மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை நிறுக்கமாட்டார். அப்படியானால் பயிற்சி தேவைப்படுவது அவருக்கு மேலே இருப்பவருக்கு.

ஆட்கள் குறைவு, அதனால் வீதக் கணக்குப் போடாதீர்கள். '24இல் 6 பேர்' என்றே எழுதுங்கள். இந்தத் தொகுதிக்குப் பயிற்சிக்கு முந்திய அளவை எடுக்கவில்லை, அதை மட்டும் இனி எடுக்க முடியாது. அடுத்த தொகுதியில் பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு முதலிலும், மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பயிற்சி கொடுங்கள். தெரிவைத் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) விட்டால் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள்தான் முதலில் வருவார்கள்.